இருபத்திநாலா, நாற்பத்திரண்டா

என் கணவருக்குப் பொலிஸ் என்றால் பயம். எங்கள் வயதுள்ள யாழ்ப்பாணத்து ஆண்களில் அந்தப் பயம் இல்லாத ஒருவரை நான் அதிகம் கண்டதில்லை. கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு விட்டார்கள் என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. நான் ரேடியோ லைசென்ஸ் சோதனையில் சித்தியடைந்துவிட்டேன் என்று வந்து சொன்ன அன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தமிழாக்கள் கையில ரேடியோவோட நிண்டா இந்த நாட்டில என்ன நினைப்பினம் எண்டு உமக்குத் தெரியாதே?”

தெரியும். ஆனால் அந்த நேரம் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நான் அந்த வகுப்புக்குப் போனதே ஒரு பிழையான எண்ணத்தில்தான். ஜேர்மனியில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் சட்டி கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு சமைத்து, என் இளமையைக் கழித்தேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு வந்தோம். கிங்ஸ்பரியில் ஒரு வாடகை வீடு. எனக்கு மூக்குக்கண்ணாடி வில்லை வெட்டும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கையால் நுணுக்கமாகச் செய்யும் வேலைகள் எனக்குப் பிடிக்கும். அதனால் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ‘ரேடியோ வகுப்பு’ என்று கண்டபோது, பழுது பார்க்கப் பழக்குவார்கள் என்று நினைத்துப் பெயர் கொடுத்தேன். போய்ப் பார்த்தால் ஒரு சாரணர் மண்டபத்தில் வெள்ளைக்கார ஆண்கள் சிலர் மாத்திரம் இருந்தார்கள். பொழுதுபோக்காக வானலையில் உலகத்தோடு பேசுகிறவர்கள். எழும்பி வர வெட்கமாக இருந்ததால் இருந்துவிட்டேன். இரண்டாம் கிழமை எழும்பி வர மனம் வரவில்லை.

வாடகை வீட்டில் அன்டெனாக் கம்பம் நட வீட்டுக்காரர் விடவில்லை. அதனால் நான் செய்மதிப் பக்கம் போனேன். அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கென்றே சில சிறிய செய்மதிகள் அப்போது வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நாங்கள் பேசுவதை வாங்கி, அதே கணம் வேறொரு அலைவரிசையில் திருப்பிச் சொல்லும். அதற்கு ஒரு வாக்கிடோக்கியும், கையில் பிடிக்கும் அன்டெனாவும் போதும். அன்டெனாவை நானே செய்தேன். தச்சர்கள் அளக்கும் உருக்கு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, மின்கம்பி விடும் பிளாஸ்டிக் குழாயில் மீன் முள்ளு மாதிரிப் பூட்டியிருந்தேன். செய்மதி ஒரு பக்கத்து அடிவானில் எழுந்து மறு பக்கத்தில் மறையப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். அதற்குள் அதைப் பார்த்துக் கையைத் திருப்பிக்கொண்டே பேசி முடித்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரைச்சல்தான் மிஞ்சும். கீழே செய்மதியின் பார்வைக்குள் யார் யார் நிற்கிறார்களோ அவர்கள் எல்லோருக்கும் கேட்கும். அது மேற்கே போகப் போக ஜேர்மனி, பிரான்ஸ் எல்லாம் அதன் பார்வையிலிருந்து விழும். கடலும் கனடாவும் வரும்.

அப்படித்தான் அந்த ஜேர்மன் மனிதர் எனக்குப் பழக்கமானார். ஓய்வு பெற்ற பேருந்துச் சாரதி. வீட்டை விற்றுப் பாய்க்கப்பல் ஒன்று வாங்கி, மனைவியோடு கரீபியன் தீவுகளுக்குப் போய்விட்டு, அத்திலாந்திக்கைக் கடந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு என்னைப் போலவே கையில் அன்டெனாவைப் பிடித்துப் பேசுவார். நான் முதல் தடவை அவருக்கு ஜேர்மன் மொழியான டொச்சில் பதில் சொன்னபோது சிரித்தார். மருத்துவமனையில் சமைத்த காலத்தில் பழகிய டொச் என்றேன். அவருடைய மனைவிக்கு ரேடியோ பிடிக்காது என்றும், வானத்தில் இருக்கும் தகரத்தோடு மனிதர்கள் ஏன் பேச வேண்டும் என்று கேட்பாள் என்றும் சொன்னார். பின்னால் அந்தப் பெண் ஏதோ சொல்வதும் கேட்டது. கடைசியாகப் பேசியபோது, காற்று நன்றாக இருந்தால் வழியிலுள்ள அசோர்ஸ் தீவுகளில் நிற்காமல் நேரே ஐரோப்பாவுக்கு வந்துவிடுவோம் என்றார். அதன் பிறகு ஒரு கிழமைக்கு மேல் அவருடைய குரல் இல்லை. கடலில் இருப்பவர்களுக்கு அது வழக்கம் என்று நான் கவலைப்படவில்லை.

லண்டன் ரயில்களில் குண்டு வெடித்ததற்கு அடுத்த வருஷம் அது. கோடை காலம். உலகக் கிண்ணக் கால்பந்து தொடங்கியிருந்தது. எங்கள் தெருவில் நின்ற கார்களில் பாதிக்கு இங்கிலாந்துக் கொடி கட்டியிருந்தது. அன்று சனிக்கிழமை. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, பின்வளவில் நின்று வழமை போல ஒரு செய்மதிக்குக் காது கொடுத்தேன். அது தலைக்கு மேலால் போகும் நேரம். ஐரோப்பா முழுவதும் அதற்குள் நிற்பது போல நெரிசல். இத்தாலிக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கூப்பிட்டார்கள். அந்தச் சந்தைக்குள், இரண்டு பேர் மூச்சு விட்ட இடைவெளியில், ஒரு பெண் குரல் கேட்டது. ஒரே ஒரு சொல்.

“பிற்ற.”

டொச் மொழியில் தயவுசெய்து என்று அர்த்தம். கடையிலும் பஸ்ஸிலும் தினமும் சொல்லும் சாதாரணச் சொல். ஆனால் அதைச் சொன்ன விதம் சாதாரணமாக இல்லை. அதற்கு மேல் இத்தாலிக்காரர் ஏறிவிட்டார். நான் பட்டனை அழுத்தி, அந்தப் பெண் மீண்டும் பேச வேண்டும், மற்றவர்கள் நிறுத்துங்கள் என்று ஆங்கிலத்திலும் டொச்சிலும் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. செய்மதி மறையும் வரை காதில் ரேடியோவை அழுத்திக்கொண்டு நின்றேன். அந்தக் குரல் திரும்ப வரவில்லை.

உள்ளே போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து அரை நித்திரையில் இருந்தார். ஒரு சொல்லை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டார். யாரும் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம், வேறு எங்கேயோ இருந்து வந்த சத்தமாகவும் இருக்கலாம் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அவசர இலக்கத்துக்கு அடித்து, ஒரு பெண் தயவுசெய்து என்றாள் என்று சொன்னால் யார் பெரிதாக எடுப்பார்கள்? ஆனால் அந்த ஜேர்மன் மனிதரின் கப்பலைத் தவிர வேறெங்கிருந்தும் டொச் பேசும் பெண் யாரும் செய்மதியில் வந்து நான் கேட்டதில்லை. அந்த மனைவியோ ரேடியோவைத் தொடாதவள். அவள் தொட்டிருக்கிறாள் என்றால் அவருக்கு என்ன நடந்தது?

செய்மதி பூமியைச் சுற்றித் திரும்பி வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அடுத்த முறை அது அத்திலாந்திக் மேலால்தான் போகும். லண்டனுக்கு மேற்கு அடிவானை உரசிக்கொண்டு கொஞ்ச நேரம் தெரியும். அதற்கு அடுத்த சுற்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் பின்வளவில் மேற்கே பார்த்தால் அடுத்த தெரு வீடுகளின் கூரைகள். பக்கத்திலுள்ள பார்ன் ஹில் மலைக்குத்தான் போக வேண்டும்.

“இஞ்சேருங்கோ, ஒருக்கா மலைக்கு ஏத்திக்கொண்டு போறீங்களே?”

“சனிக்கிழமை சனம் நடமாடுற இடத்திலயோ?” என்றார்.

நான் சப்பாத்தைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் கார்ச் சாவியோடு வாசலில் நின்றார்.

மலை என்று நாங்கள் சொன்னாலும் அது ஒரு மேடுதான். உச்சியில் குளம், சுற்றி மரங்கள். ஒரு பக்கம் வெம்பிளியில் கட்டிக்கொண்டிருந்த விளையாட்டரங்கின் வளைவு தெரியும். மேற்கே மரம் விலகிய சரிவு ஒன்றைத் தேடி நின்றேன். நாயோடு நடந்த ஒரு பெண் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, கைத்தொலைபேசியைக் காதில் வைத்தாள். கணவர் அதைக் கண்டார்.

“அவ பொலிசுக்கு அடிக்கிறா,” என்றார்.

“அடிக்கட்டும்.”

செய்மதி எழ இன்னும் சில நிமிஷங்கள் இருக்கையில் புல்வெளியில் இரண்டு பொலிஸார் ஏறி வந்தார்கள். ஓர் இளம் ஆண், அவரைவிட வயது கூடிய ஒரு பெண். அந்த ஆண் தூரத்திலேயே நின்று, கையில் இருப்பதைக் கீழே வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். புல்லில் கிடந்தபோது அது எனக்கே ஏதோ ஆயுதம் போலத் தெரிந்தது. லைசென்ஸ் அட்டையைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த நாடு, எப்போது வந்தீர்கள், இது யாரோடு பேச என்று கேட்டார். சிறிலங்கா என்றதும் அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை, ஆனால் என் கணவரின் முகம் மாறியது. அந்த வருஷம் ஊரில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. இங்கே தமிழர் வீடுகளில் பொலிஸ் தேடுதல் நடக்கிறது என்ற கதைகள் கோயிலிலும் கடையிலும் ஓடிக்கொண்டிருந்தன.

அப்போது புல்லில் கிடந்த ரேடியோவின் இரைச்சல் மெல்லக் குறைந்தது. செய்மதி எழுந்துவிட்டது.

நான் குனிந்தேன். இளம் பொலிஸ்காரர் வேண்டாம் என்று கையை நீட்டினார். என் கணவர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடி, தன் உடைந்த ஆங்கிலத்தில், கடலில் ஒரு பெண் உதவி கேட்கிறாள், என் மனைவிக்கு மட்டும்தான் அவளுடைய மொழி தெரியும், பத்து நிமிஷம் கொடுங்கள், பிறகு என்னைக் கொண்டு போங்கள் என்றார். கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொன்னார். 

அந்தப் பெண் பொலிஸ், விடு, கேட்போம் என்றாள்.

அன்டெனாவை மேற்கே தூக்கினேன். இரைச்சலுக்குள்ளிருந்து அவள் வந்தாள். யாராவது, யாராவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த முறை ஐரோப்பியர்கள் செய்மதிக்குக் கீழே இல்லை. அவள் தனியே நின்றாள். ஆனால் எனக்குப் பேச வழியில்லை. அவள் பட்டனை அழுத்திப் பிடித்தபடி விடாமல் இருந்தாள். அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அங்கே நடப்பதெல்லாம் எனக்குக் கேட்டது. தண்ணீர் மோதும் சத்தம். ஏதோ உலோகம் மரத்தில் இடிக்கும் சத்தம். ஓர் ஆணின் முனகல். அவள் அழுதுகொண்டே கணவரின் பெயரைச் சொல்லி எழும்பு எழும்பு என்றாள். நான் என் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். என் குரல் அவளுடைய குரலுக்குக் கீழே போய் அமுங்கியது. செய்மதி நகர்ந்துகொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. அவள் கை சோர்ந்திருக்க வேண்டும். சட்டென்று அமைதி வந்தது. நான் அதற்குள் புகுந்தேன்.

“நான் கேட்கிறேன். லண்டனிலிருந்து பேசுகிறேன். பேசும்போது மட்டும் பட்டனை அழுத்துங்கள். பேசி முடிந்ததும் கையை எடுங்கள். இப்போது பேசுங்கள்.”

பிறகு அவள் குரல். “நீங்கள் அந்தச் சமையல்காரப் பெண்ணா?”

அவர் என்னைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறார். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு டொச்சில் சொன்னேன்.

இரவில் பாய்மரம் முறிந்து அவர் தலையில் விழுந்திருக்கிறது. பெரிய ரேடியோவின் கம்பி அந்த மரத்தோடு கடலுக்குள் போய்விட்டது. ஆபத்தில் அழுத்தும் கருவியையும் அலை கொண்டு போய்விட்டது. அவருக்கு மூச்சு இருக்கிறது, நினைவு இல்லை. கப்பலுக்குள் தண்ணீர் வருகிறது, வாளியால் இறைக்கிறாள். விடிந்ததும் அவர் செய்வதைப் பார்த்த நினைவில் இந்தச் சின்ன ரேடியோவை எடுத்து, சத்தம் வருமட்டும் அன்டெனாவைச் சுழற்றியிருக்கிறாள்.

அவரை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்கச் சொன்னேன். இடத்தைச் சொல்லும் கருவியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவள் வாசித்தாள். நான் அதை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். பெண் பொலிஸ் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினாள். அகலக்கோடு தெளிவாக வந்தது. நெடுங்கோட்டை அவள் வாசித்தபோது குரல் பிய்ந்தது. டொச்சில் இருபத்திநான்கைச் சொல்ல, நான்கும் இருபதும் என்பார்கள். நாற்பத்திரண்டைச் சொல்ல, இரண்டும் நாற்பதும் என்பார்கள். இரண்டிலும் கேட்பது ஏறக்குறைய ஒரே ஒலிகள்தான், இடம் மாறி வரும். எனக்கு வந்தது நடுவில் ஒரு ‘உம்’ மாத்திரம், முன்னும் பின்னும் கிழிந்து. திரும்பச் சொல்லச் சொன்னேன். மறுபடியும் கிழிந்தது. அன்டெனாவை முறுக்கிப் பார்த்தேன். செய்மதி எனக்கு அடிவானில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இன்னொரு குரல் மெதுவாக நுழைந்தது. கனடாவின் கிழக்கு ஓரத்துத் தீவிலிருந்து ஒரு மனிதர். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தாராம். டொச் தெரியாததால் குறுக்கே வராமல் இருந்திருக்கிறார். அடுத்த சுற்றில் செய்மதி தன் பக்கம் வரும், தான் அவளைப் பிடிக்கிறேன் என்றார். தொலைபேசி இலக்கங்களை மாற்றிக்கொண்டோம். நான் அவளிடம், அடுத்த முறை மேற்கே பிடியுங்கள், ஆங்கிலம் பேசும் குரல் ஒன்று வரும், எண்களைத் தனித்தனியாக ஆங்கிலத்தில் வாசியுங்கள் என்றேன். ஒன்றிலிருந்து பத்து வரை தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாளா, தெரியாது என்றாளா என்பது கேட்கவில்லை. இரைச்சல் மூடிவிட்டது.

கரையோரக் காவலுக்குப் பெண் பொலிஸே தொடர்பு எடுத்துத் தந்தாள். அந்தப் பக்கம் பேசியவர் அமைதியாகக் கேட்டு எழுதினார். நெடுங்கோடு கிழிந்து வந்ததைச் சொன்னதும், இருபத்திநாலா, நாற்பத்திரண்டா என்று கேட்டார்.

பெண் பொலிஸ் எழுதியதைப் பார்த்தேன். இருபத்திநாலு என்று இருந்தது. நான் சொன்னதைத்தான் அவள் எழுதியிருந்தாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. காற்று நன்றாக இருந்தால் நேரே வருவோம் என்று அவர் சொன்னது மனதில் கிடந்து, என் காது அதைக் கேட்க விரும்பியதோ என்னவோ. ஓர் எண் அசோர்ஸ் தீவுகளுக்கு இந்தப் பக்கம், விமானம் கெதியாகப் போகக்கூடிய இடம். மற்றது தீவுகளுக்கு மிக அப்பால், நடுக்கடல்.

“எனக்கு நிச்சயமில்லை. இரண்டில் ஒன்று,” என்றேன்.

அவர் கொஞ்சம் தாமதித்தார். இரண்டு இடத்துக்கும் கிட்ட என்ன கப்பல்கள் இருக்கின்றன என்று பார்க்கிறோம், தெரிய வந்தால் உடனே சொல்லுங்கள் என்றார். அந்தத் தாமதம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பொலிஸார் எங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டு போக விட்டார்கள்.  கணவர் என்னை வீட்டில் இறக்கிவிட்டு, பிள்ளைகளை ஏற்றிவரப் போனார்.

நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். அடுத்த சுற்று வரை செய்ய ஒன்றும் இல்லை. ஒரு காகிதத்தில் கடலைக் கீறிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. அடுத்த சுற்றில் செய்மதி மிகவும் மேற்கே போகும். கப்பல் நாற்பத்திரண்டில் நின்றால் அவளுக்கு அது தெரியும். இருபத்திநாலில் நின்றால் அவளுக்கும் அது அடிவானத்துக்குக் கீழேதான் போகும். கனடாக்காரருக்கு அவள் குரல் கேட்டால் ஒரு விடை. கேட்காவிட்டால் மற்ற விடை, அல்லது வாளியோடு அவள் கை ஓய்ந்துவிட்டது என்பது. கேட்காத பட்சத்தில் அந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் ஆட்டம் தொடங்கியது. பக்கத்து வீடுகளில் ஜன்னல்கள் திறந்திருந்தன. திடீரென்று தெரு முழுவதும் கத்தியது. நான் அதிர்ந்து தொலைபேசியைத் தட்டி விழுத்தினேன். எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன், வேலை செய்தது. பிள்ளைகள் வந்து பசிக்கிறது என்றார்கள். கணவர் அவர்களுக்குப் பாண் வெட்டிக் கொடுத்தார். யாரும் தொலைக்காட்சியைப் போடவில்லை. செய்மதி கனடாப் பக்கம் எழும்பும் நேரம் வந்து, மறையும் நேரமும் வந்து, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் போனது. கேட்டிருந்தால் இதற்குள் அடித்திருக்க வேண்டும். இன்னும் அடிக்கவில்லையே என்றேன்.

“அந்தாள் முதல்ல தங்கட ஆக்களுக்குத்தானே அடிக்கும். பிறகுதான் எங்களுக்கு,” என்றார் கணவர்.

அப்படித்தான் நடந்திருந்தது. தொலைபேசி அடித்தபோது கனடாக்காரர் மூச்சு வாங்கினார். தங்கள் நாட்டு மீட்புப் பிரிவுக்கு முதலில் சொல்லிவிட்டுத்தான் எடுப்பதாகச் சொன்னார். அவள் வந்தாள். அவர் சொன்னது எதுவும் அவளுக்கு விளங்கவில்லை, அவள் சொன்னதும் அவருக்கு விளங்கவில்லை. ஆனால் எண்களை ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளை போல, மூன்று தடவை வாசித்தாள்.

“நாலு, இரண்டு,” என்றார். “நாலு முதலில்.”

நான் கரையோரக் காவலுக்கு அடித்தேன். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் கதிரையில் இருந்து எழும்பவில்லை. கணவர் வந்து என் தோளில் கை வைத்தார். பிள்ளைகளுக்கு முன்னால் அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

தானியம் ஏற்றிய சரக்குக் கப்பல் ஒன்று பாதை மாறிப் போய், அடுத்த நாள் காலை அவர்களை ஏற்றியது. பாய்க்கப்பலை அப்படியே விட்டுவிட்டார்கள். அது கடலில் தாழ்ந்திருக்கும். இந்தச் செய்தியையும் கனடாக்காரர்தான் சொன்னார். திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் அந்த இருபத்திநாலையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடையே மட்டும், மலையில் வைத்துப் பொலிஸ் எங்களைப் பிடித்தது என்ற கதை எப்படியோ பரவியது. ஈலிங் அம்மன் கோயிலில் ஒரு தெரிந்த அண்ணை என் கணவரைத் தனியே கூப்பிட்டு, என்ன பிரச்சினை, லோயர் தேவையோ என்று கேட்டாராம். கணவர் சிரித்ததாகச் சொன்னார். அவர் இன்னும் பொலிஸ் வண்டியைக் கண்டால் வேகத்தைக் குறைப்பார், வேகமாகப் போகாத போதும்.

இலை உதிர் காலத்தில் அந்த ஜேர்மன் பெண் தொலைபேசியில் பேசினாள். கனடாக்காரரிடம் என் இலக்கத்தை வாங்கியிருந்தாள். ரேடியோ இரைச்சல் இல்லாமல் கேட்டபோது அவள் குரல் நான் நினைத்ததைவிட முதிர்ந்ததாக இருந்தது. மருத்துவமனையை விட்டு வந்து, மகளுடைய வீட்டில் இருக்கிறார்களாம். அவர் நடக்கிறார், தானே சாப்பிடுகிறார். ஆனால் கப்பல் வாங்கியதிலிருந்து ஒன்றும் நினைவில் இல்லை. கடல் இல்லை, தீவுகள் இல்லை. படங்களைக் காட்டினால் மரியாதைக்காகப் பார்க்கிறாராம்.

இரண்டும் நாற்பதும் என்று அன்று நீங்கள் எப்படிச் சரியாகப் பிடித்தீர்கள் என்று கேட்டாள். நான் பிடிக்கவில்லை, கனடாக்காரர்தான் பிடித்தார், எனக்குப் பிழையாகத்தான் கேட்டது என்றேன்.  அந்த நேரம் நீங்கள், நான் கேட்கிறேன் என்று சொன்னதுதான் எனக்குத் தெரியும் என்றாள்.

என் கணவரிடம் பேசுகிறீர்களா என்று கேட்டாள். நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குள் தொலைபேசி கை மாறிவிட்டது. வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். அதே குரல்தான், ஆனால் அந்நியருடன் பேசும் குரல். நான் யார் என்று கேட்டார். உங்களோடு முன்பு சில தடவை பேசியிருக்கிறேன், லண்டனில் இருக்கிறேன் என்றேன்.

“நன்றாக டொச் பேசுகிறீர்கள்,” என்றார்.

நன்றி என்றேன். லண்டனில் இப்போது குளிரா என்று கேட்டார். இன்னும் பெரிதாக இல்லை, மழைதான் என்றேன். அங்கேயும் மழை என்றார். ஜன்னலுக்கு வெளியே தெரியும் தோட்டத்தைப் பற்றி, மகள் வைத்திருக்கும் அப்பிள் மரத்தைப் பற்றி, எனக்கு நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். நான் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.